'இதர செலவுகள்' வரிக்குள் இருந்த எங்கள் பிள்ளைகள்

எட்டு வருடங்களுக்கு முன் எங்கள் சபையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கும் ஓய்வுநாள் பள்ளியின் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்கு முன்பும் அங்கே பத்து வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் கணக்குப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பொறுப்பேற்ற வாரம் சபையின் வருடாந்தர வரவு செலவு அறிக்கையை வாங்கி வரிவரியாகப் படித்தேன். ஆலயத்துக்கு வெள்ளையடித்தது, ஒலிபெருக்கி, மின்கட்டணம், சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை, போதகருக்கு உதவும் உபதேசியாரின் வீட்டு ஓடு மாற்றியது என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி இருந்தது. பிள்ளைகளை மட்டும் காணோம். பொருளாளர் அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் 'இதர செலவுகள்' என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினார். டியூப் லைட், துடைப்பம், நாற்காலி வாடகை, அவற்றோடு எங்கள் தொண்ணூறு பிள்ளைகள்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டி இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த நடுத்தரமான சபை. பனையும் முருங்கையும் பார்க்கிற குடும்பங்கள் பாதி. சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருப்பவர்களும் வேலை பார்ப்பவர்களும் மீதி. கொடுக்கத் தெரியாத ஜனங்கள் என்று இவர்களை யாரும் சொல்ல முடியாது. விளைச்சலைக் கொண்டுவந்து படைக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஐயாயிரம் ரூபாய்க்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். என் பாட்டி உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். மாதக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். மிசோரத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சபைகளைத் தாங்கி வருவது இதே கைப்பிடி அரிசிதான். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்க்காமல் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பியது எங்கள் பக்கத்துச் சபைகள்தான். அதை முன்நின்று நடத்திய அசரியா, இங்கே பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர். பின்னாளில் அந்தத் தெலுங்கு நாட்டிலேயே டோர்ணக்கல் பேராயரானார்.

இப்படிப்பட்ட ஊரில், பிள்ளைகளுக்கு என்று கேட்டால் மட்டும் ஏன் கை வரவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடப்போய், நான் செய்த தவறுகளையும் அப்புறம் கண்டுகொண்டதையும் எழுதுகிறேன். இதே பொறுப்பில் இருக்கும் யாருக்காவது பயன்படும்.

முதல் வருடம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு இரண்டு வாரம் முன்னால், ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் எழுந்து பேசினேன். "பிள்ளைகள் ஊழியத்துக்குத் தாராளமாய்க் கொடுங்கள்" என்றேன். சபையார் தலையை ஆட்டினார்கள். காணிக்கைப் பையில் 1,340 ரூபாய் வந்தது. அதே மாதம் கோபுரத்துக்கு வண்ணவிளக்கு போட லட்சத்துக்கு மேல் சேர்ந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அடுத்த ஞாயிறு மறுபடி எழுந்து, விளக்குக்குக் கொடுக்கிற உங்களுக்குப் பிள்ளைகள் கண்ணில் படவில்லையா என்று கேட்டேன். அன்று பையில் வந்தது அதைவிடக் குறைவு. முகம் சுளித்தவர்களில் என் சொந்த மதினியும் ஒருவர்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளைகள் கையில் காணிக்கைக் கவர்களைக் கொடுத்து அனுப்பினேன். கவரின் மேல் பிள்ளையின் பெயர். அதிகம் கொண்டு வருகிறவருக்குப் பரிசு என்றும் அறிவித்தேன். பழக்கமாக நடப்பதுதானே என்று அன்றைக்கு உறுத்தவே இல்லை. கடை வைத்திருக்கிறவர்களின் பிள்ளைகள் கனமான கவர்களோடு வந்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, பாட்டெல்லாம் முதலில் எடுத்துக் கொடுக்கிறவள், மூன்று வாரம் வரவே இல்லை. வீட்டுக்குத் தேடிப் போனேன். என்னைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் அம்மா உள்ளேயிருந்து கவரை எடுத்து வந்தார். கசங்காமல், மடங்காமல், காலியாக இருந்தது. "அவ அப்பாவுக்கு இந்த மாசம் வேலை இல்ல டீச்சர். வெறுங்கவரோட போக மாட்டேன்னு அழுதா. நான் என்ன செய்ய?" என்றார்.

நான் அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளை ஆண்டவரிடம் அழைத்து வர வேண்டிய ஊழியத்துக்குப் பணம் சேர்க்கப் போய், ஒரு பிள்ளையை ஆலய வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டேன். அன்று இரவே மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிவிட்டேன்: கவர் கிடையாது, போட்டி கிடையாது, எந்தப் பிள்ளையின் காணிக்கையும் இன்னொரு பிள்ளைக்குத் தெரியக் கூடாது. "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதை எத்தனை முறை மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன்! எட்டு வயதுப் பிள்ளைக்கும் அது பொருந்தும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது என்னவோ விளங்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அடுத்த வருடம் பணம் கேட்பதற்கு முன்னால் கணக்கைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். சபையை நிர்வகிக்கும் சேகர கமிட்டியில் இரண்டு கோரிக்கை வைத்தேன். பிள்ளைகள் ஊழியத்துக்கும் வாலிபர் ஊழியத்துக்கும் வரவு செலவில் தனித்தனி வரி வேண்டும். அந்தப் பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இரண்டு பேர் கையெழுத்திட்டு எடுக்க வேண்டும். பெரிய எதிர்ப்பு வரும் என்று நினைக்கவில்லை. ஆனால் வந்தது. வயதில் மூத்த ஒருவர் வேதப்புத்தகத்தையே திறந்தார். இரண்டாம் இராஜாக்கள் பன்னிரண்டாம் அதிகாரத்தில், யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்த்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று இருக்கிறதே, நம்மிடையே என்ன சந்தேகம் என்றார்.

நியாயமான கேள்விதான். அதே அதிகாரத்தை ஆரம்பத்திலிருந்து வாசிக்கலாம் ஐயா என்றேன். யோவாசின் இருபத்துமூன்றாம் வருஷம் வரைக்கும் பணம் ஆசாரியர் கைக்குத்தான் வந்தது. ஆலயத்தில் ஒரு பழுதும் பார்க்கப்படவில்லை. அதன்பின் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டி செய்து, மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தின் அருகே வைத்தான். பெட்டி நிறைந்தபோது ராஜாவின் கணக்கனான சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். பணம் வேலைக்காரர் கைக்குப் போனது. கணக்குக் கேளாதது அதற்கு அப்புறம் வருகிற வசனம். இரண்டு பேர் எண்ணியதும், பணம் ஒரே காரியத்துக்கு என்று தனியாக இருந்ததும்தான் அந்த நம்பிக்கையைக் கொண்டுவந்தது என்று எனக்குத் தோன்றுகிறது என்றேன். எங்கள் போதகரான ஐயர் அதை ஒத்துக்கொண்டார். மூத்தவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, எழுதிக்கோ" என்றார். இன்றைக்கு எங்கள் உண்டியலை எண்ணுகிற இரண்டு பேரில் அவரும் ஒருவர்.

இன்னொருவர் கேட்டார்: "பாட்டும் வசனமும் சொல்லிக் குடுக்கதுக்கு எதுக்கு டீச்சர் துட்டு?" இதையும் நான் குறைவாக நினைக்கவில்லை, உண்மையிலேயே பலருக்கு உள்ள சந்தேகம் அது. ஓய்வுநாள் பள்ளி பிறந்ததே செலவு செய்துதான். 1780இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர், வாரமெல்லாம் வேலைக்குப் போய் ஞாயிறன்று தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுக்கக் கூலி கொடுத்து ஆசிரியைகளை வைத்தார். எங்கள் ஆசிரியர்கள் யாரும் கூலி வாங்குவதில்லை. ஆனாலும் புத்தகம், வண்ணப் பென்சில், வெயிலில் நடந்து வருகிற பிள்ளைக்கு ஒரு தம்ளர் பானகம், எல்லாமே காசுதான். அதுவரை அந்தக் காசு ஆசிரியர்களின் கைப்பையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. யாரும் வெளியே சொன்னதில்லை.

அதை எழுதிப் பார்த்தபோதுதான் வழி தெரிந்தது. விடுமுறை வேதாகமப் பள்ளி பத்து நாள். ஒரு பிள்ளைக்குப் பாடப்புத்தகம் 70 ரூபாய், பத்து நாள் சுண்டலும் பானகமும் 100, கைவேலைப் பொருட்கள் 30, கடைசி நாள் பரிசு 20. ஆக 220 ரூபாய். இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஆலய வாசலில் ஒட்டினோம். அறிவிப்பு நேரத்தில் நான் பேசியது மூன்றே வாக்கியம்: "ஒரு பிள்ளைக்கு 220 ரூபாய். தொண்ணூறு பிள்ளைகள் வருவார்கள். முடியும் என்கிறவர்கள் ஒரு பிள்ளைக்கோ பாதிப் பிள்ளைக்கோ கொடுக்கலாம்." 'தாராளமாய்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். தாராளம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? இருநூற்று இருபது என்றால் எல்லாருக்கும் தெரியும்.

பனையேறும் ஒரு அண்ணாச்சி 110 ரூபாயோடு வந்து, "பாதிப் பிள்ளைக்கு, டீச்சர்" என்று என் கையில் கொடுத்தார். எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். யார் பணம் எந்தப் பிள்ளைக்கு என்று சொல்லவே மாட்டோம். சொன்னால், அந்தப் பிள்ளை அவர்களைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் தலைகுனிய வேண்டியிருக்கும். காலிக்கவரை நான் இன்னும் மறக்கவில்லை.

பணமாகக் கொடுக்க முடியாதவர்கள்தான் எங்களுக்கு அதிகம் கற்றுக் கொடுத்தார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் பத்து நாளைப் பங்குபோட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு தெரு என்று சுண்டல் அவித்துக் கொண்டு வந்தார்கள். சிற்றுண்டிச் செலவு பாதிக்கு மேல் குறைந்தது. அதைவிடப் பெரிய காரியம், அந்த அக்காமார் சுண்டல் பாத்திரத்தோடு வந்து, பிள்ளைகள் வசனம் சொல்வதை ஜன்னல் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போனது. அதுவரை பிள்ளைகள் ஊழியம் என்ற ஒன்றை அவர்கள் பார்த்ததே இல்லை. நாங்கள் காட்டியதும் இல்லை. அடுத்த வருடம் எந்தத் தெருவும் கேட்காமலே வந்தது.

வேதாகமப் பள்ளி முடிந்த பின் நடந்ததைத்தான் இந்த எட்டு வருட அனுபவத்தில் நான் முதலாவதாக வைப்பேன். மூன்றாம் ஞாயிறன்று கணக்கை ஒட்டினோம், வாசித்தோம். வரவு இவ்வளவு, புத்தகத்துக்கு இவ்வளவு, சுண்டலுக்குக் கடலையும் தேங்காயும் இவ்வளவு, மிச்சம் 640 ரூபாய், அது அடுத்த மாதம் சின்ன வகுப்புக்குப் பாய் வாங்கப் போகிறது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மிச்சம் இருக்குன்னு ஆலயத்துல சொல்லி இன்னைக்குத்தாம்மா கேக்கேன்." அடுத்த மாதத்திலிருந்து அவர் சபைக்குச் செலுத்தும் தம் சங்கக் காணிக்கையோடு பிள்ளைகளுக்கென்று ஐம்பது ரூபாய் தனியாக வைக்கத் தொடங்கினார். பணம் போன இடத்தை ஜனங்கள் ஒருமுறை பார்த்துவிட்டால், இரண்டாம் முறை கேட்பதற்கு நமக்கும் கூச்சம் இல்லை, கொடுப்பதற்கு அவர்களுக்கும் தயக்கம் இல்லை.

ஒரு வருடம் பாய் வாங்கச் சேர்ந்த பணத்தை ஒலிபெருக்கிப் பழுதுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கமிட்டியில் கேட்டார்கள். அவசரம்தான், நியாயமும் இருந்தது. ஆனாலும் கூடாது என்று நின்றோம். ஒன்றுக்கென்று வாங்கிய பணம் இன்னொன்றுக்குப் போனால், கொடுத்தவர் கேட்கமாட்டார். அடுத்த முறை கொடுக்கவும் மாட்டார்.

பிள்ளைகளைக் கொடுக்கிறவர்களாக வளர்ப்பது தனிக் கதை. வாராவாரம் ஓய்வுநாள் பள்ளியில் ஒன்றும் இரண்டுமாகச் சேரும் காணிக்கையை முன்பு அப்படியே சபைக் கணக்கில் சேர்த்துவிடுவோம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய வகுப்புப் பிள்ளைகளே எண்ணுகிறார்கள். அதில் ஒரு பங்கை எங்கே அனுப்புவது என்றும் அவர்களே முடிவு செய்கிறார்கள். ஒரு முறை மிஷனெரிப் பிள்ளைகள் விடுதிக்கு அனுப்பினார்கள். இன்னொரு முறை, மழையில் கூரை போன ஒரு வீட்டுப் பிள்ளைக்கு நோட்டுகள் வாங்க வேண்டும் என்றார்கள்; அந்தப் பிள்ளை வேறு மதம், ஆனால் அவர்கள் பள்ளித் தோழன். ஆலய வளாகத்தில் முருங்கையும் வெண்டையும் நட்டு, காய்த்ததை அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டு வந்தார்கள். கையில் காசு இல்லாத பிள்ளையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறதே. ஏலத்தில் அந்த வெண்டைக்காய் போகும்போது எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் கத்தினார்கள்.

வாலிபர்கள் விஷயம் இவ்வளவு சுலபமாக இல்லை. கீபோர்டு வேண்டும், டிரம்ஸ் வேண்டும் என்று கேட்டால் மும்பையிலிருந்துகூட ஒரே ஆள் வாங்கி அனுப்பிவிடுவார். ஆனால் எங்கள் வாலிபர் சங்கப் பிள்ளைகளை உட்கார வைத்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, படிக்க இடம் வேண்டும் என்றார்கள். வீட்டில் ஒரே அறை, டிவி ஓடுகிறது, டிஎன்பிஎஸ்சிக்கு எங்கே உட்கார்ந்து படிப்பது? ஆலயத்துக்குப் பின்னால் பழைய நாற்காலிகள் அடைந்து கிடந்த அறையைத் திறந்தோம். மேசை, இரண்டு ஃபேன், விளக்கு, மாத மின்கட்டணம். இதற்குப் பணம் கேட்பது கடினமாக இருந்தது. படிப்பு எப்படி ஊழியமாகும் என்றார்கள். ஐயர் ஒரு ஞாயிறு மாலை அந்த அறையிலேயே ஜெபக்கூட்டத்தை வைத்தார். மேசையில் திறந்து கிடந்த புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து ஜெபித்த பெரியவர்கள் அதற்குப் பின் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

வாலிபர்களுக்குப் பணத்தைப் பொருளாகக் கொடுப்பதைவிடப் பொறுப்பாகக் கொடுப்பது நல்லது என்பது என் அனுபவம். மாதம் ஒரு சிறு தொகையை அவர்கள் கையில் கொடுத்து, கணக்கை அவர்களே எழுதி அவர்களே வாசிக்கச் சொன்னோம். முதல் முறை 85 ரூபாய் இடித்தது. வியர்த்துப்போய் நின்ற பையனை யாரும் திட்டவில்லை. ரசீதுகளை எடுத்து வைத்துச் சேர்ந்து தேடினோம். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தது எழுதாமல் விட்டுப்போயிருந்தது. அவன் இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். வெளியூர் போன வாலிபர்கள் மாதம் நூறு இருநூறு என்று அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கியது அவன்தான். ஆண்டுக்கு ஒருமுறை பண்டிகைக்கு வந்து மொத்தமாகக் கொடுப்பதைவிட இந்தச் சின்னத் தொகைதான் அறையை நடத்துகிறது. வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் தன்தன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்கட்டும் என்று பவுல் சொன்னதன் பயன் மின்கட்டணம் கட்டும்போதெல்லாம் எனக்குத் தெரிகிறது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் அட்டை சபையின் வங்கிக் கணக்குக்குத்தான் இருக்க வேண்டும். ஆசிரியர் எவ்வளவு நல்லவரானாலும் அவருடைய சொந்த ஜிபே எண்ணைக் கொடுக்கக் கூடாது. நான் ஒரு முறை அவசரத்துக்கு என் எண்ணைக் கொடுத்துவிட்டு, எது என் பணம், எது பிள்ளைகள் பணம் என்று பிரித்தெடுக்க இரண்டு இரவு உட்கார்ந்தேன்.

படங்கள் விஷயத்திலும் கவனமாக இருங்கள். எங்கள் வாலிபர் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான், கிழிந்த சட்டையோடு சுண்டல் வாங்கும் ஒரு சிறுவனைப் படமெடுத்து, வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பணம் உடனே வந்தது. அந்தப் பையனின் சித்தப்பாவும் அந்தக் குழுவில் இருந்தார். அடுத்த நாள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டோம், படத்தை எடுத்தோம், வந்த பணத்தை எதற்கு வந்தது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க முன்வந்தோம். இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள்; மற்றவர்கள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இப்போது பிள்ளைகள் செய்த கைவேலையையும் அவர்கள் நட்ட செடியையும் படமெடுத்து அனுப்புகிறோம். வரவு கொஞ்சம் குறைவுதான். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

பெரிய தொகை கொடுக்க வருகிறவர்களிடம் பேசுவது இன்னும் எனக்குக் கைவரவில்லை. ஃபேனுக்கு ஃபேன் பெயர் எழுதச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் நேராக மறுப்பதில்லை. அவர்களை ஒரு ஞாயிறு ஒன்பது மணிக்கு வகுப்புக்கு அழைக்கிறேன். பிள்ளைகளோடு அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்து எழுந்தவர்களில் பாதிப்பேர் பெயரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிடுகிறார்கள். மீதிப்பேருக்காக வகுப்புச் சுவரில் ஒரே பலகை வைத்திருக்கிறோம். அதில் பெயர்கள் எல்லாம் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில், தொகை இல்லாமல் இருக்கும். 110 ரூபாய் கொடுத்த அண்ணாச்சியின் பெயரும் அதில் உண்டு. ஒருவர் இதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு கொடுக்காமலே போய்விட்டார். அந்த வருடம் வகுப்புக்குத் தகரக் கூரை மாற்ற முடியவில்லை.

இந்த மே மாதத்துக்குத் தொகை 290 ரூபாயாக ஏறிவிட்டது. புத்தக விலையும் கடலை விலையும் கூடியிருக்கின்றன. அதோடு பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து கிடக்கிறது. கதவையே மாற்ற வேண்டும். தச்சரிடம் விலை கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதும் தாளில் எழுதி ஒட்டுவோம். அதுவரைக்கும் ஓர் ஆசிரியை கதவுக்கு வெளியே நிற்பது என்று முறைபோட்டிருக்கிறோம்.